கரிசல் நிலப் பயிர்களும் பூச்சிகளின் உணவுத் தாவரத் தேர்வும்: தூத்துக்குடி மாவட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பயிரைத் தாக்கும் பூச்சி தன் எதிரில் காணும் செடிகளையெல்லாம் உண்பதில்லை. மணம், நிறம், தொடுவுணர்வு, சுவை எனப் பல நிலைகளில் ஆய்ந்த பின்னரே ஒரு செடியை ஏற்கிறது. அத்தேர்வைப் பெரும்பாலும் நிகழ்த்துவது உண்ணும் புழுவன்று, முட்டையிடும் தாய்ப்பூச்சியே. இத்தேர்வு எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தூத்துக்குடி மாவட்டத்தின் பருத்தி, மக்காச்சோளம், வாழை, நிலாவாரை ஆகிய பயிர்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பூச்சியின் புலன்கள் தேர்வை நிகழ்த்தினாலும், எவற்றினிடையே அது தேர்வது என்பதை வணிகமும் விதைப்பு முறையுமே வரையறுத்து வந்துள்ளன என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: கரிசல், கருங்கண்ணி, கம்போடியா பருத்தி, படைப்புழு, காய்ப்புழு, தத்துப்பூச்சி, உணவுத் தாவரம்.

முன்னுரை

தூத்துக்குடி என்றவுடன் முத்துக்குளிப்பும் உப்பளமும் துறைமுகமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் அத்துறைமுகத்தின் வழியே கடல் கடந்த பண்டங்கள் பல அதன் பின்னிலத்தில் விளைந்தவை. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு வட்டாரங்களின் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி, ‘டின்னவேலி’ என்னும் வணிகப் பெயரோடு ஏற்றுமதியானது. 1908-ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனார் முன்னின்ற வேலைநிறுத்தத்தால் வரலாற்றில் இடம்பெற்ற கோரல் மில், இப்பருத்திப் பொருளாதாரத்தின் விளைவேயாகும். கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே வேளாண் ஆய்வுப் பண்ணை ஒன்று அமைந்ததற்கும் இப்பருத்தியின் முதன்மையே பின்னணி எனலாம்.

இன்று அக்கரிசலின் தோற்றம் மாறியுள்ளது. நாமக்கல் முதலிய இடங்களின் கோழிப்பண்ணைத் தீவனத் தேவையை ஒட்டி, பருத்தியும் கம்பும் சோளமும் நின்ற மானாவாரி நிலங்களின் பெரும்பரப்பை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. 2018-19-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவத்தில் இம்மக்காச்சோளத்தை அமெரிக்கன் படைப்புழு பேரளவில் அழித்தது. உழவர்கள் குருத்து சிதைந்த செடிகளோடு ஆட்சியர் அலுவலகத்தை நாடினர். அப்பூச்சியின் உணவுப் பட்டியலில் ஏறத்தாழ 350 தாவரங்கள் உள்ளன. பருத்தியும் பயறு வகைகளும் அவற்றுள் அடங்கும். எனினும் இந்தியாவில் அதன் பேரழிவு மக்காச்சோளத்தின் மீதே நிகழ்ந்தது. உண்ணக்கூடியவை பலவாயிருக்க, ஒன்றை மட்டும் அது ஏன் நாடியது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

ஓம்புயிர் என்னும் சொல்

பூச்சி வாழிடமாகவும் உணவாகவும் கொள்ளும் தாவரத்தைத் தமிழ் அறிவியல் நூல்கள் ‘ஓம்புயிர்’ என வழங்குகின்றன. விருந்தோம்பல் என்பதிலுள்ள ஓம்புதலே இதன் வேர். சொல் அழகியது, பொருளோ ஓரளவு வழுவுடையது. செடி பூச்சியை ஓம்புவதில்லை. மயிரும் முள்ளும் பிசினும் கைப்பும் நஞ்சும் கொண்டு இயன்றவரை அதனை விலக்கவே முயல்கிறது. விருந்தினர் எனக் கொள்வதாயினும், வாயிற்படியில் இடப்பட்ட தடைகளையெல்லாம் கடந்து வந்த அழையா விருந்தினரே அவர். இதனால் இக்கட்டுரையில் ‘உணவுத் தாவரம்’ என்னும் எளிய சொல்லே ஆளப்படுகிறது.

செடியில் உள்ள கைப்பும் நஞ்சும் நெடுங்காலம் வளர்சிதை மாற்றத்தின் கழிவுகளாகவே கருதப்பட்டன. 1910-ஆம் ஆண்டு நெதர்லாந்து தாவரவியலார் வெர்ஷாஃபெல்ட் நிகழ்த்திய எளிய சோதனை இக்கருத்தை அசைத்தது. முட்டைக்கோசுப் புழுக்கள் கடுகுக் குடும்பச் செடிகளையே உண்பவை. அவை தொடாத வேற்றினத் தாவர இலைகளின் மீது கடுகுக் குடும்பச் செடியின் சாற்றைத் தடவியபோது, அவ்விலைகளையும் அவை உண்டன. கடுகுக்கு நெடியைத் தரும் சினிகிரின் என்னும் பொருளைத் தடவியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆகவே அப்புழு தேடியது சத்தையன்று. சத்து இருக்குமிடத்தைக் காட்டும் அடையாளத்தை. 1959-இல் ஃபிரென்கெல் இக்கருத்தை விரித்து, இப்பொருள்கள் கழிவுகள் அல்ல, பூச்சிகளை எதிர்க்கத் தாவரம் உருவாக்கிய படைக்கலங்களே என்று வாதிட்டார். அப்படைக்கலத்தை வென்ற சில பூச்சியினங்களுக்கு அதுவே பின்னர் முகவரியாகிவிடுகிறது. எல்லாப் பச்சை இலைகளிலும் புரதமும் சர்க்கரையும் உண்டாதலால் சத்தைக் கொண்டு ஒரு செடியைப் பிரித்தறிதல் அரிது. வேறுபடுவது நஞ்சே, அதனால் வேறுபடுத்தி அறியவும் நஞ்சே உதவுகிறது.

தொலைவிலிருந்து: மணமும் நிறமும்

அந்துப்பூச்சிகள் பெரும்பாலும் இரவில் இயங்குபவை. உணர்கொம்பில் அமைந்த நுண்மயிர்களின் துளைகள் வழியே நுழையும் ஆவிப்பொருள் மூலக்கூறுகளே அவற்றுக்கு வழிகாட்டுகின்றன. ஒவ்வொரு பயிருக்கும் அதற்கே உரிய ஒரு தனிப்பொருள் இருக்கும், பூச்சி அதனைத் தேடி வரும் என்று முன்னர் எண்ணப்பட்டது. உண்மை வேறு. வெட்டிய புல்லில் எழும் பச்சை மணத்தைத் தரும் பொருள்கள் ஏறத்தாழ எல்லா இலைகளிலும் உள்ளன. பூச்சி கவனிப்பது அவற்றின் கலவை விகிதத்தையே. உருளைக்கிழங்குச் செடியின் மணத்தில் இயல்பாக உள்ள பச்சை இலை மணப்பொருள்களுள் ஒன்றின் அளவை மட்டும் மிகுத்தபோது, அச்செடியின் வண்டு அதனை நாடி வருவதை விட்டது என விஸ்ஸரும் ஆவேயும் 1978-இல் காட்டினர். அவரை அசுவினியைக் கொண்டு நிகழ்ந்த பிற்கால ஆய்வு இதனினும் வியப்பானது. தனித்தனியே விலக்கும் பொருள்கள், செடியின் விகிதத்தில் ஒன்றுகூடும்போது ஈர்க்கின்றன. தனிச் சுரங்கள் அல்ல, அவை கூடி எழும் பண்ணே பூச்சிக்குச் செய்தியாகிறது எனலாம்.

மணத்தால் ஈர்க்கப்படும் இயல்பை உழவர்கள் கருவியாகவும் கொண்டுள்ளனர். தாமிரபரணிப் பாசனத்தில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் வாழை முதன்மைப் பயிர். அதன் தண்டைத் துளைக்கும் கூன்வண்டு, வெட்டிய வாழைத்தண்டிலிருந்து எழும் மணத்தை நாடி வரும். நெடுக்காகப் பிளந்த தண்டுத் துண்டுகளைத் தோட்டத்தில் ஆங்காங்கே இட்டு, அடியில் ஒதுங்கும் வண்டுகளைத் திரட்டி அழிக்கும் முறை இவ்வியல்பின் மீது அமைந்தது. ஆனால் அறுவடைக்குப் பின் வெட்டிய தண்டுகளை அப்படியே கிடக்க விடும் தோட்டமும் அதே அழைப்பைத்தான் விடுக்கிறது. அங்கே பொறி மட்டும் இல்லை.

வெள்ளை ஈ, அசுவினி போன்ற சிறு பூச்சிகளுக்கு இத்தகைய மண வழிப் பயணம் எளிதன்று. காற்றை எதிர்த்துப் பறக்கும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. காற்று கொண்டுசென்ற வழியில் சென்று, மஞ்சள் கலந்த பச்சை நிறம் கண்ட இடத்தில் இறங்கி, ஊசி போன்ற வாயுறுப்பால் சாற்றை ஒருமுறை சோதித்து, உகந்ததாயின் தங்குகின்றன. இல்லையேல் மீண்டும் எழுகின்றன. முத்துச்சிப்பியின் இளம்பருவம் நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, ஏற்ற பாரில் படிந்தால் மட்டுமே பிழைப்பது இக்கடற்கரையில் நன்கு அறியப்பட்டது; வெள்ளை ஈயின் நிலையும் ஏறத்தாழ அதுவே. உளுந்து, பாசிப்பயறு வயல்களில் மஞ்சள் தேமல் நோய் பரவுவது வெள்ளை ஈ சாற்றை உறிஞ்சுவதால்தான். வெள்ளை ஈ ஒரு செடியை ஏற்காது விடுத்துச் செல்வதும் உழவருக்கு நன்மையாவதில்லை. சோதித்துச் சோதித்து அடுத்த செடிக்குச் செல்லும் பூச்சி நோய்க்கிருமியையும் உடன் கொண்டு செல்கிறது.

தொட்டும் சுவைத்தும்: பருத்தி இலையின் மயிர்

செடியின் மீது அமர்ந்த பின்னரே உண்மையான ஆய்வு தொடங்குகிறது. பூச்சிகளுக்கு நாவின் பணியைக் கால்களின் நுனியும் செய்கின்றன. பட்டாம்பூச்சி முட்டையிடும் முன் முன்னங்கால்களால் இலையைப் பலமுறை தட்டுவதைக் காணலாம். அத்தட்டலில் இலைப்பரப்பின் வேதிப்பொருள்களைக் காலிலுள்ள சுவையுணர்விகள் அறிகின்றன.

தொடுவுணர்வு எத்துணை முதன்மையுடையது என்பதற்குக் கரிசல் பருத்தியே சிறந்த சான்று. இவ்வட்டாரத்தின் பழைய பருத்திகள் கருங்கண்ணியும் உப்பமும் ஆகும். முன்னது காசிப்பியம் ஆர்போரியம் என்னும் இனத்தையும் பின்னது காசிப்பியம் ஹெர்பேசியம் என்னும் இனத்தையும் சார்ந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் புகுந்த கம்போடியா பருத்தி, அமெரிக்கத் தாயகமுடைய காசிப்பியம் ஹிர்சூட்டம் இனத்தது. நீண்ட இழையால் ஆலைகள் அதனை விரும்பின. ஆனால் அமெரிக்க இனப் பருத்திகளின் பெருந்தொல்லையாக அமைந்தது தத்துப்பூச்சி. இலையின் அடிப்பக்கத்திலிருந்து அது சாற்றை உறிஞ்ச, இலைகள் விளிம்பு சுருண்டு செம்பழுப்பாகிக் கருகும். நாட்டுப் பருத்திகள் இதனைப் பெரிதும் தாங்கி நின்றன.

தத்துப்பூச்சியின் தாய் இலை நரம்பின் திசுவுக்குள் முட்டையைச் செருகுவது. நரம்பின் மீதும் இலையின் அடியிலும் நீண்ட மயிர்கள் அடர்ந்திருந்தால், முட்டையிடும் உறுப்பு திசுவை எட்டுவது அரிதாகிறது. குஞ்சுகளும் நகர்ந்து உறிஞ்ச இயலாது தவிக்கின்றன. இவ்வுண்மையைக் கொண்டு, 1920-களில் தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் ஆய்வு நிலையத்தில் பார்னெல் மயிர் அடர்ந்த பருத்தி வகையைத் தெரிந்தெடுத்தார். தத்துப்பூச்சியால் கைவிடப்படும் நிலையிலிருந்த பருத்தி வேளாண்மை அங்கே மீண்டது. இந்திய இனவிருத்தியாளர்களும் இவ்வழியைப் பின்பற்றினர்.

ஆனால் ஒரு பூச்சிக்குத் தடையாவது மற்றொன்றுக்குப் படியாகிறது. பச்சைக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி வழுவழுப்பான இலையைவிட மயிருள்ள இலையிலேயே மிகுதியாக முட்டையிடுகிறது. முட்டை வழுக்கி விழாமல் பற்றி நிற்க மயிர் உதவுகிறது. வெள்ளை ஈயும் மயிருள்ள இலையை விரும்புவதே. தத்துப்பூச்சிக்காக மயிரை வளர்த்தால் காய்ப்புழு மகிழ்கிறது. காய்ப்புழுவுக்காக மயிரை நீக்கினால் தத்துப்பூச்சி திரும்புகிறது. எதிர்ப்புத்திறன் உடைய வகை என்று பொதுப்படக் கூறுவது இதனால் பொருளற்றது. எப்பூச்சிக்கு எதிர்ப்பு என்று கூறாத விளம்பரம் உழவருக்கு முழுத் தகவலைத் தருவதில்லை.

சுவையிலும் இவ்விருநிலை உண்டு. பருத்தியின் இலையிலும் விதையிலும் கரும்புள்ளிகளாகத் தோன்றும் சுரப்பிகளில் காசிப்பால் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. பருத்திக்கொட்டையை உணவாக்கும் நோக்கில் அமெரிக்காவில் இச்சுரப்பிகள் அற்ற பருத்தியை உருவாக்கினர். பருத்தியை முன்னர் தீண்டாத வண்டுகளும் அவ்வயல்களில் புகுந்து மேய்ந்தன. பருத்தியைத் தின்னும் பூச்சிகள் பல எனினும், தின்னாமல் ஒதுங்கிய பூச்சிகள் அவற்றினும் பலவாயிருந்தன என்பது அத்தடை நீங்கிய பின்னரே தெரியவந்தது.

வேம்பும் இவ்வகையதே. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பிற மரங்களை மொட்டையாக்கி வேம்பை மட்டும் விட்டதை ஷ்முட்டரர் கண்டார். 1962-இல் புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த இலைகளை வெட்டுக்கிளிகள் உண்ண மறுப்பதைக் காட்டினார். எனினும் வேம்பின் இளந்தளிரையும் தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி குத்தி உறிஞ்சுகிறது. தமிழகத்தில் வேப்பமரங்களின் கொப்புகள் நுனியிலிருந்து கருகுவதில் பூஞ்சை நோயோடு அப்பூச்சிக்கும் பங்குண்டு.

தாயின் தேர்வும் புழுவின் பிழைப்பும்

முட்டையிலிருந்து வெளிவரும் புழு ஒரு மில்லிமீட்டர் அளவினது. தொலைவிலுள்ள வேறு பயிரைத் தேடிச் செல்லும் ஆற்றல் அதற்கில்லை. எனவே தாய் எங்கே முட்டையிட்டதோ அதுவே பெரும்பாலும் புழுவின் விதி. தன் சந்ததி நன்கு வளரும் செடியையே தாய் விரும்புமாறு இயற்கைத் தேர்வு அமைந்திருக்க வேண்டும் என்பது 1978-இல் ஜெனைக் முன்வைத்த கருதுகோள். பல பூச்சிகளில் இது பொருந்துகிறது. பொருந்தாத இடங்களே வேளாண்மைக்கு மிகுந்த பயன் தருவன.

இந்தியாவைத் தாயகமாகக் கொண்டு ஆப்பிரிக்கா சென்ற சோளத் தண்டுத்துளைப்பான் இதற்குச் சான்று. அதன் தாய்ப்பூச்சி மக்காச்சோளத்தைவிட நேப்பியர் புல்லில் மிகுதியாக முட்டையிடும். ஆனால் தண்டில் துளையிடும் புழுவை நேப்பியர் புல் சுரக்கும் பிசின் முடக்கிவிடுவதால், பெரும்பாலான புழுக்கள் வளர்வதில்லை. கென்யாவில் இயங்கும் பன்னாட்டுப் பூச்சியியல் மையம் இத்தவறான தேர்வையே முறையாக மாற்றியது. வயலைச் சுற்றி நேப்பியர் புல்லும், பூச்சி வெறுக்கும் மணமுடைய டெஸ்மோடியம் என்னும் பயறினத் தீவனச் செடி ஊடுபயிராகவும் நடப்படுகின்றன. உள்ளிருந்து விலக்கி வெளியே ஈர்க்கும் இம்முறை ஆப்பிரிக்காவில் படைப்புழுவின் தாக்குதலையும் குறைத்ததாக அறியப்படுகிறது.

படைப்புழுவின் தாய், இவ்வரிசையில் சற்று விலகி நிற்கிறது. ஒரே இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடற்செதில்களால் மூடிச் செல்வது அது. எண்ணிக்கை மிகும்போது உணவல்லாத செடிகளிலும், கட்டடச் சுவர்களிலும்கூட முட்டையிடுவதுண்டு. தாயின் இந்த அசட்டைக்கு ஈடு செய்வது புழுவின் இயக்கம். பிறந்த புழுக்கள் நூலிழை விட்டுத் தொங்கி, காற்றில் ஊசலாடி அடுத்தடுத்த செடிகளில் சேர்கின்றன. இளம் மக்காச்சோளத்தின் சுருண்ட குருத்துக்குள் புகுந்துவிட்டால் வெயிலும் மருந்தும் இரைகொல்லிகளும் எட்டாத பாதுகாப்பு கிடைக்கிறது. ஒரு குருத்தில் பல புழுக்கள் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்று, இறுதியில் ஒன்றோ இரண்டோ எஞ்சும்.

மக்காச்சோளம் தற்காப்பற்ற பயிரன்று. அதன் இலையில் டிம்போவா என்னும் நச்சுப்பொருள் குளுக்கோசோடு பிணைந்து செயலற்ற நிலையில் சேமிக்கப்பட்டுள்ளது. இலை மெல்லப்படும்போது செடியின் நொதி அப்பிணைப்பை வெட்ட, நஞ்சு வெளிப்படும். பல பூச்சிகளுக்கு இது போதிய தடை. படைப்புழுவின் குடலோ வெளிப்பட்ட நஞ்சோடு மீண்டும் குளுக்கோசைப் பிணைக்கிறது. அதுவும் முன்னிருந்ததற்கு எதிரான திசையமைப்பில். அவ்வமைப்பைச் செடியின் நொதியால் மறுபடி வெட்ட முடிவதில்லை. புல்லினத்தின் ஒரு பெரும் பூட்டுக்கு இப்புழு மாற்றுச் சாவி வைத்திருக்கிறது. 350 தாவரங்கள் பட்டியலில் இருந்தும் மக்காச்சோளத்தின் மீது அது குவிவதன் விடையில் ஒரு பகுதி இதிலும், மற்றொரு பகுதி குருத்தின் அமைப்பிலும் உள்ளது. மூன்றாவது பகுதி செடிக்கு வெளியே, நிலப்பரப்பில் உள்ளது. அது பின்னர்க் கூறப்படும்.

அகன்ற தேர்வும் குறுகிய தேர்வும்

பருத்திக் காய்களைத் துளைக்கும் புழுக்களுள் இரண்டு, உணவுத் தேர்வில் எதிரெதிர் முனைகளில் நிற்பவை. பச்சைக் காய்ப்புழு 180-க்கும் மேற்பட்ட தாவரங்களில் வாழக்கூடியது. துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, சூரியகாந்தி, சோளக்கதிர் எனப் பூக்கும் நிலையிலுள்ள பயிர் எதுவாயினும் அதற்கு உவப்பானதே. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ ஏறத்தாழப் பருத்தி ஒன்றையே நம்பியது. வெண்டை முதலிய அக்குடும்பச் செடிகள் சிலவற்றில் அரிதாகக் காணப்படும். பார்வைக்கு இது உயிரியல் நுணுக்கமாகத் தோன்றினும், இந்தியப் பருத்தியின் அண்மைக்கால வரலாற்றைத் தீர்மானித்தது இவ்வேறுபாடே.

2002-ஆம் ஆண்டு மார்ச்சில் பி.டி. பருத்திக்கு இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. அப்பருத்தியின் திசுக்களில் உருவாகும் புரதம் இவ்விரு புழுக்களையும் கொல்லும். நஞ்சைத் தாங்கும் ஓரிரு புழுக்கள் தப்பித்து, தம்முள் இணைந்து பெருகாதிருக்க, வயலில் 20 விழுக்காட்டுப் பரப்பிலேனும் பி.டி. அல்லாத பருத்தியைப் புகலிடமாக விதைக்க வேண்டும் என்பது அன்றைய விதி. உழவர்கள் பலர் அதனைப் பின்பற்றவில்லை. விளைச்சலைப் புழுவுக்கென விட்டுக்கொடுக்கச் சொல்லும் விதி, சிறு உழவர் நடைமுறையில் நிற்குமா என்பதை அதனை வகுத்தோர் எண்ணியிருக்க வேண்டும். ஆயினும் பச்சைக் காய்ப்புழுவைப் பொறுத்தவரை இக்குறை பெரிதாகத் தாக்கவில்லை. அக்கம்பக்கத்துத் துவரையும் கடலையும் தக்காளியும் நஞ்சறியாத தலைமுறைகளை வளர்த்து, இயற்கைப் புகலிடமாக அமைந்தன. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அத்தகைய புகலிடம் இல்லை. பருத்தியையன்றி வேறறியாத அது, எங்கும் பி.டி. பருத்தியே நின்றபோது தலைமுறைதோறும் நஞ்சையே சந்தித்தது. 2010-ஐ ஒட்டிக் குஜராத்தில் ஒரு நச்சுக்கும், அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாம் நச்சுக்கும் அது எதிர்ப்பைப் பெற்றது.

குறுகிய தேர்வுடைய பூச்சி இவ்வாறு வலிமை பெற்றதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரே பயிரை நம்பியதால், அப்பயிர் இல்லாத காலம் அதற்குப் பட்டினிக் காலம். கம்போடியா பருத்தி பரவிய சில ஆண்டுகளிலேயே, மண்ணையொட்டித் தண்டைக் குடைந்து வீங்கச் செய்யும் கூன்வண்டு பெருந்தொல்லையானது. இந்தியாவின் பூச்சியான அது, தன் பழைய உணவுச் செடிகளின் குடும்பத்தைச் சார்ந்த புதுவரவைக் கண்டுகொண்டது. 1919-ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சி, நோய்ச் சட்டத்தின்கீழ், குறித்த நாளுக்குள் பருத்திமாரைப் பிடுங்கி அழிக்க வேண்டும் என உழவர்களுக்கு ஆணையிடப்பட்டது. பூச்சியின் தேர்வை மாற்ற இயலாதபோது, தேர்வுக்குரிய பொருளையே சில மாதங்கள் இல்லாமற் செய்வது அச்சட்டத்தின் உட்கருத்து. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இன்று பரிந்துரைக்கப்படுவதும் இதுவே. பருத்தியை மறுதாம்பு விடாமலும், எஞ்சிய காய்களோடு பருத்திமாரை விறகுக்காக அடுக்கி வைக்காமலும் இருத்தல் என இக்கால மொழியில் கூறப்படுகிறது. 180 தாவரங்களில் வாழும் பச்சைக் காய்ப்புழுவிடம் இம்முறை பலிப்பதில்லை.

துறைமுகமும் விதைப்பும்

கம்போடியா பருத்தி தனி நிகழ்வன்று. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளையும் நிலாவாரை, ‘டின்னவேலி சென்னா’ என்னும் பெயரில் உலக மருந்துச் சந்தையில் அறியப்பட்டது. தூத்துக்குடித் துறைமுகமே அதன் ஏற்றுமதி வாயில். செங்கடற்பகுதியைத் தாயகமாகக் கொண்ட அச்செடியும் வந்தேறியே. தகரை, பேயாவாரை போன்ற செடிகளில் வாழ்ந்த காட்டோப்சிலியா பைராந்தே என்னும் வெளிறிய நிறப் பட்டாம்பூச்சி நிலாவாரையிலும் முட்டையிடுகிறது. மனிதருக்குப் பேதியாகும் அவ்விலையை அதன் புழு கேடின்றித் தின்று வளர்கிறது. உழவர் நிலாவாரையைப் புதுப்பயிர் என்று விதைக்கலாம். முன்னங்காலால் இலையைத் தட்டிப் பார்க்கும் பட்டாம்பூச்சி அதில் பழகிய உறவையே காண்கிறது.

பருத்தியிலும் நிலாவாரையிலும் செடி வந்தது, பூச்சி காத்திருந்தது. மக்காச்சோளத்தில் முறை மாறியது: பயிர் பரவி நின்றது, பூச்சி பின்னர் வந்தது. அமெரிக்கக் கண்டத்தின் பூச்சியான படைப்புழு 2016-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அறியப்பட்டு, 2018-ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டறியப்பட்டது. சில மாதங்களில் தமிழகத்தை எட்டியது. ஓரிரவில் காற்றின் துணையோடு நூறு கிலோமீட்டர் வரை பறக்கும் அந்துப்பூச்சியை எச்சாவடியும் தடுத்திருக்க இயலாது. அமெரிக்கப் பருத்திக் கூன்வண்டு நுழையாதிருக்க, இறக்குமதிப் பருத்திப் பொதிகளைப் புகையூட்ட வேண்டும் என 1906-லேயே இந்திய அரசு ஆணையிட்டது. அவ்வண்டு இன்றுவரை இந்தியாவில் காலூன்றவில்லை. துறைமுகத் தடுப்பு வீண் என்பதற்கில்லை; பொதியோடு வருவதை அது நிறுத்தும், காற்றோடு வருவதை நிறுத்தாது.

வந்த பூச்சிக்குக் கரிசல் காட்டிய நிலப்பரப்பு எத்தகையது என்பதே மேலே விடுபட்ட மூன்றாவது பகுதி. ஒரே பயிர் செறிந்த இடத்தைப் பூச்சிகள் எளிதில் கண்டு, அங்கேயே நீண்டு தங்குகின்றன என 1973-இல் ரூட் அமெரிக்காவின் இத்தாகாவில் கீரை வயல்களைக் கொண்டு காட்டினார். ஃபிஞ்சும் காலியரும் 2000-ஆம் ஆண்டில் இதற்கு மற்றொரு விளக்கம் தந்தனர். மணத்தால் தூண்டப்பட்டு இறங்கும் பூச்சி, கண்ணுக்குத் தெரியும் எந்தப் பச்சையிலும் அமர்கிறது. வெற்று மண்ணின் நடுவே ஒரே பயிர் நிற்கையில் ஒவ்வோர் அமர்வும் உரிய செடியிலேயே முடியும். இடையே வேற்றுப் பயிர் இருப்பின் சில அமர்வுகள் வீணாகும். தொடர்ந்து சிலமுறை வீணானால் பூச்சி முட்டையிடாது விலகும். இவ்விளக்கம் முட்டைக்கோசு ஈ முதலியவற்றைக் கொண்டு அமைந்தது. குவியலாக முட்டையிட்டு, புழுவைக் காற்றில் பரப்பும் படைப்புழுவுக்கு இது அதே அளவில் பொருந்தும் எனக் கொள்ளுதல் கூடாது. ஆயினும் காற்றில் ஊசலாடும் புழு உளுந்துச் செடியில் இறங்கினால், மக்காச்சோளக் குருத்து தரும் மறைவிடம் அதற்கு அங்குக் கிட்டாது.

பருத்தியோடு உளுந்தும் பாசிப்பயறும் இடையிடையே விதைத்து, ஓரங்களில் சோளமோ ஆமணக்கோ நிறுத்தும் பழக்கம் கரிசல் மானாவாரியில் நெடுநாள் இருந்தது. மழை பொய்த்தால் ஒன்றேனும் விளையட்டும் என்பதே அதன் முதல் நோக்கமாக இருந்திருக்கலாம். பூச்சியைக் குழப்பியது உடன்விளைவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் படைப்புழுவுக்குக் கூறும் பரிந்துரைகளில் கோடையுழவு, கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்கு, விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி ஆகியவற்றோடு, உளுந்து, பாசிப்பயறு ஊடுபயிரும் வரப்போரப் பயிர்களும் இடம்பெறுகின்றன. ஊடுபயிரும் வரப்புப் பயிரும் புழுவை உண்ணும் பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி முதலியவற்றுக்குத் தேனும் மறைவிடமும் தருவன.

இவற்றுள் ஒன்று மட்டும் தனி உழவரின் கைக்குள் அடங்காதது. ஒரு வட்டாரத்தில் விதைப்பு புரட்டாசியில் தொடங்கிக் கார்த்திகை வரை நீளுமானால், முதலில் விதைத்த வயலில் வளர்ந்த அந்துப்பூச்சிகள் பிந்தி விதைத்த வயலின் இளங்குருத்தைத் தேடி வரும். முந்திய பயிர் முற்றிவிட்டதால் அவற்றுக்கு அதுவே தேர்வு. ஒரே மழையை ஒட்டி ஊரே ஏறத்தாழ ஒருசேர விதைத்தால் அத்தொடர் அறும். எட்டயபுரத்துக் கரிசலில் பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருக்கும் முறை உண்டு. அவ்விதைகளெல்லாம் ஒரே மழையில் முளைக்குமாதலால், அம்முறை பரவலாக நிற்கும் ஊர்களில் பயிரின் வயது பெரிதும் ஒத்திருக்கும்.